பழகிய முகத்தை எடுக்காது

என் சட்டைப் பைக்குள் பதினோரு கேமராக்கள் வந்து போயிருக்கின்றன. இது பன்னிரண்டாவதைப் பற்றிய கதை.

என் பெயர் தாமோதரன். கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஓடும் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே சுற்றும் தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அளப்பதற்கு ஆயிரம் கருவிகள் வந்த பிறகும் என்னை வேலையில் வைத்திருப்பது இந்த உள்ளங்கைக்காகத்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மீதி நேரத்தில் படம் எடுப்பேன். 'எடுப்பேன்' என்று சொல்வதே இந்தக் காலத்தில் பழைய பேச்சு. இப்போது யாரும் படம் எடுப்பதில்லை, அது தானாக விழுகிறது. எல்லார் மூக்கிலும் இருக்கும் கண்ணாடி, காலையில் எழுந்தது முதல் பார்த்ததையெல்லாம் பதிவு செய்கிறது. படத்தில் மூடியிருந்த கண்ணைத் திறந்துவிட்டு, தொப்பையைக் குறைத்து, சாயங்காலம் 'இன்று உங்கள் சிறந்த நாற்பது கணங்கள்' என்று நீட்டுகிறது. என் மகள் கல்யாணத்தில் மட்டும் மூன்று லட்சம் படங்கள் விழுந்தன. அதில் ஒன்றைக்கூட நான் இரண்டாம் முறை பார்த்ததில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன கேமரா. சட்டைப் பையில் அடங்க வேண்டும், குனிந்து செருப்பு வாரைப் போடும்போது கீழே விழக் கூடாது. பால் வாங்கப் போனாலும் கூட வர வேண்டும். முக்கியமாக, அதைக் கையில் எடுத்தால் எதையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை வர வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பதினோரு கேமராவும் தோற்றன. ஒன்று கனம். ஒன்றில் பொத்தான்கள் என் விரல்களைவிட அதிகம். ஒன்று அவ்வளவு அழகு, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர உலகத்தைப் பார்க்கவில்லை.

"பொண்ணு பாக்கறப்பக்கூட நீங்க இத்தன வீடு ஏறி எறங்கலைங்க," என்பாள் என் மனைவி சுகந்தி. "நான் ரெண்டாவது வீடுதான்."

"மொத வீட்டுல காப்பி சரியில்ல அம்மிணி."

பன்னிரண்டாவது கேமராவைச் செய்தவர் பெயர் ரம்லத். அந்த மூக்குக்கண்ணாடி கம்பெனி ஒன்றில் பொறியாளராக இருந்து, அலுத்துப்போய் வெளியே வந்தவர். ஊருக்குள்ளேயே கணபதி வட்டாரத்தில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஓர் அறை எடுத்து, ஒவ்வொரு கேமராவாகக் கையால் செய்துகொண்டிருந்தார். அதற்கு 'துடி' என்று பெயர் வைத்திருந்தார். தீப்பெட்டி இரண்டை அடுக்கியதுபோல அவ்வளவுதான் இருந்தது. பையில் போட்டுக் குனிந்து பார்த்தேன். விழவில்லை.

"இதுல பொத்தானே காணமுங்களே?" என்றேன்.

"இல்ல சார். கட்டை விரல இந்தப் பித்தளைத் தகட்டுல வைங்க. நாடிய பாக்கும், விரல்ல வேர்வை துளிர்க்கறத பாக்கும். உங்களுக்கு உள்ள ஒரு துள்ளல் வந்தா டக்குனு எடுத்துரும். வரலைன்னா நீங்க தலைகீழா நின்னாலும் எடுக்காது."

"ஃபோகஸ்?"

"இந்தத் துவாரத்துல கண்ண வச்சுப் பாக்கணும். உங்க கண்ணு எங்க நிக்குதோ, அந்த இடம் மட்டும் தெளிவா விழும், மத்ததெல்லாம் சித்த மங்கல்தான். ஒண்ணு சொல்லிர்றேன். நாம பாக்கறதா நெனைக்கற இடம் வேற, கண்ணு நிக்கற இடம் வேற. இது கண்ணு சொல்றதத்தான் கேக்கும்."

இந்தக் கடைசிப் பேச்சை நான் காதில் வாங்கவே இல்லை. பொத்தான் இல்லாத கேமரா என்றதிலேயே மயங்கிப்போயிருந்தேன்.

முதல் இரண்டு மாதத்தில் துடி எடுத்தது ஒன்பது படங்கள். உக்கடத்தில் ஐஸ் கட்டியைத் தோளில் சுமந்து போனவரின் நனைந்த காது. பேருந்து ஜன்னலில் தூங்கிய ஒரு பெண்ணின் மூச்சு கண்ணாடியில் விட்ட புகைமூட்டம். எங்கள் மாடிப்படியில் காய்ந்த ஒற்றைக் காலுறை. ஒவ்வொன்றையும் நூறு தடவை பார்த்தேன். இருபது வருடமாகத் தேடியது கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஐப்பசியில் எங்கள் கல்யாண நாள் வந்தது. சுகந்தி அரக்கு நிறத்தில் சிறுமுகைப் பட்டு உடுத்தி, பால்கனியில் வந்து நின்றாள்.

"காதையும் காலுறையையும் எடுத்தது போதுமுங்க. என்னைய ஒண்ணு எடுங்க."

தகட்டில் விரலை வைத்து, துவாரத்தில் கண்ணை வைத்தேன். அவள் சிரித்தாள். கேமரா சும்மா இருந்தது. ஒரு பக்கமாகத் திரும்பச் சொன்னேன். தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். பத்து நிமிடம் ஆயிற்று. அவள் சிரிப்பு கன்னத்தில் வலிக்க ஆரம்பித்திருக்கும். எனக்கு வேர்த்துவிட்டது, ஆனால் கேமரா கேட்கும் வேர்வை அது இல்லை போலும். கடைசியில் நான் செய்த காரியம் வெட்கக்கேடு. நாக்கை அண்ணத்தில் தட்டி, "டக்" என்று சத்தம் எழுப்பினேன்.

"எங்க, காட்டுங்க," என்று அவள் வந்தாள்.

அகப்பட்டுக்கொண்டேன்.

மறுநாளே ரம்லத்திடம் போனேன். அவர் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நீங்க மட்டும் இல்ல சார். எனக்கே இப்பத்தான் புரியுது என்ன செஞ்சு வெச்சிருக்கேன்னு. போன வாரம் ஒரு குடும்பம் வந்துச்சு. பொண்ணு பாக்க வர்ற மாப்பிள்ளை கையில இதக் குடுத்துப் பாக்கப்போறாங்களாம், எடுத்தாத்தான் சம்மதமாம். கேமரா கேட்டு வந்தவங்க இல்ல, சாட்சி கேட்டு வந்தவங்க."

"அப்ப எனக்கு அவ மேல..." என்று இழுத்தேன். முடிக்கத் தைரியம் வரவில்லை.

"அது அன்ப அளக்காது சார். மாற்றத்த அளக்குது. உங்க சொந்தக் கையப் பாத்து நீங்க துள்ளுவீங்களா? பழகின முகத்த அது எடுக்காது."

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். "பழகின முகத்த எடுக்காதாமா."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள். "பழகினதுங்களா, பழசுங்களா?"

இரண்டும் வேறு வேறு என்று பத்து விதமாக விளக்கினேன். பழகினவர்கள் என்றால் நெருங்கியவர்கள் என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள். சுகந்தி "சரிங்க" என்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சமாதானமாக இருக்கட்டும் என்று கேமராவை அவள் கையில் கொடுத்து, என்னை எடுக்கச் சொன்னேன். தொட மறுத்துவிட்டாள்.

"நான் புடிச்சு அது உங்கள எடுக்கலைன்னா? எனக்கு வேண்டாஞ் சாமி."

அதற்குப் பிறகு திருட்டுத்தனமாகப் பலமுறை முயன்றேன். அவள் தோசை சுடும்போது, மகளோடு போனில் சிரிக்கும்போது, ஈரத்தலையோடு வரும்போது. ஒருமுறையும் எடுக்கவில்லை. இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவளைப் பார்த்து என் நாடி ஒரு துடிப்புகூடக் கூடவில்லை என்று ஒரு பெட்டி எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன். அதுதான் பெரிய வருத்தம்.

தை மாதத்தில் ஒரு காலை. வாலாங்குளம் கரையில் நாங்கள் வழக்கமாக நடப்போம். அன்று நான் செருப்பைச் சரிசெய்ய நின்றதில் அவள் முன்னால் போய்விட்டாள். வெயில் அப்போதுதான் தண்ணீரில் ஏறியிருந்தது. நாரைகளை எடுக்கலாம் என்று கேமராவைக் கண்ணில் வைத்தேன். சுகந்தி குறுக்கே வந்தாள்.

டக்.

எனக்கே நம்பிக்கை இல்லை. ஓடிப்போய்க் காட்டினேன். சின்னத் திரையில் அவள் முதுகும் பின்னலும், அப்பால் குளமும். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாக்கத் தட்டலையே?"

"சத்தியமா இல்ல அம்மிணி."

மறுநாளும் எடுத்தது. அதற்கு மறுநாளும். வீட்டுக்குள் வழக்கம்போல ஊமையாகத்தான் இருந்தது, ஆனால் குளக்கரையில் அவள் எனக்கு முன்னால் நடந்தால் போதும், துடி துள்ளிவிடும். காரணம் கேட்கவில்லை நாங்கள். சந்தோஷத்துக்கு யார் காரணம் கேட்கிறார்கள்? சுகந்தி நடைக்கு நல்ல புடவையாகப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தாள். முல்லைப்பூ வைத்தாள். ஐம்பது வயதில் நடைபாதையில் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு எடுத்துதுங்களா?" என்று கேட்பாள். எடுத்தது என்றால் அன்றைக்கு வீட்டில் கேசரி. தையிலிருந்து சித்திரை வரை நாற்பத்தொரு படங்கள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு மகிழ்ச்சியாக நாங்கள் இருந்ததில்லை, இதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரே ஒரு குறை. அந்தப் படங்கள் எதிலும் ஃபோகஸ் சரியில்லை. நான் அவள் பின்னலைத்தான் பார்த்தேன், பூவைத்தான் பார்த்தேன். ஆனால் படத்தில் அவை மங்கலாகி, இடுப்புக்குப் பக்கத்தில் எங்கோ தெளிவு விழுந்திருந்தது. தர ஆய்வாளன் புத்தி சும்மா இருக்குமா? ஒரு தவறைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமையோடு கணபதிக்கு வண்டி ஏறினேன்.

"மேடம், உங்க மெஷின்ல ஒரு கோளாறு கண்டுபிடிச்சிருக்கனுங்க," என்றேன்.

ரம்லத் கேமராவைச் சோதித்தார். சுவரில் இருந்த புள்ளிகளைப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாக விழுந்தது. காதும் காலுறையும் இருந்த பழைய படங்களைப் பார்த்தார். அவையும் சரி. பிறகு நாற்பத்தொரு படங்களையும் மேசைத் திரையில் வரிசையாகப் பரப்பினார்.

"சார், எல்லாத்துலயும் ஒரே எடந்தான். இடது கை. கோளாறான மெஷின் இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ணுமா?"

ஒன்றை மட்டும் அளக்கும்போது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தப்பு காட்டினால், கருவியைத் திட்டாதே, பொருளைப் பார். தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நானேதான்.

பொருளைப் பார்த்தேன். சுகந்தி நடக்கிறாள். வலது கை ஒரு படத்தில் முன்னால், ஒரு படத்தில் பின்னால். இடது கை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில், முழங்கை லேசாக மடங்கி, வயிற்றோரமாக. தை மாதப் படத்தில் புடவைக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. சித்திரைப் படத்தில் கை புடவையோடு ஒட்டியிருந்தது. ஓடுகிற மோட்டாராக இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

"துள்ளல்னு சொன்னீங்களே மேடம்," என்றேன்.

"சந்தோஷமா பயமான்னு அதுக்குத் தெரியாது சார். உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்க கண்ணு எதையோ கண்டுபிடிச்சிருச்சு. உங்களுக்குத்தான் சொல்லல." கேமராவைத் திருப்பித் தந்து, "அக்காவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க," என்றார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு நோயைப் பற்றிய பயத்தைவிட வேறொரு பயம் பெரிதாக இருந்தது. மூன்று மாதமாக அவள் பூ வைத்துக்கொண்டு நடந்தது எதை நம்பி? அதை நான் எந்த வாயால் பிடுங்குவேன்? வயசுக்கு ஒரு பொதுப் பரிசோதனை என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகலாமா என்றுகூட யோசித்தேன்.

கதவைத் திறந்ததும் கேட்டாள். "சரி பண்ணிட்டாங்களா?"

"கேமராவுல கோளாறு இல்ல."

"அப்புறம்?"

"ஒருக்கா கூடத்துல நட அம்மிணி. அந்தக் கடைசி வரைக்கும்."

நடந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை அவளும் குனிந்து பார்த்தாள். இடது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி விரித்தாள்.

"ரவிக்கை கொக்கி போட நெம்ப நேரமாகுதுங்க," என்றாள் மெதுவாக. "படுத்த வாக்குல தோள் புடிச்சிக்கிச்சுன்னு இருந்துட்டேன்."

மருத்துவர் அவளை நடக்கவிட்டார், கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப்போகச் சிறுத்துக்கொண்டே போயிற்று. பார்க்கின்சன் என்றார். முழுக்கப் போகாது, ஆனால் மாத்திரையும் பயிற்சியும் பல வருடங்களுக்கு நன்றாகவே வைத்திருக்கும் என்றார். "பெரும்பாலும் கை நடுங்கின பிறகுதான் வருவாங்க. நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் கவனிச்சீங்க?" என்று கேட்டார். நான் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டேன்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சுகந்தி கேட்டாள். "அப்ப அந்த நாப்பத்தொண்ணும் இதுக்குத்தானுங்களா?"

நாக்கைத் தட்டி ஏமாற்ற இந்த முறை மனம் வரவில்லை.

"ஆமா அம்மிணி."

அவள் மருந்துச் சீட்டை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். "நான் என்னமோன்னு நெனச்சுட்டுப் பூவெல்லாம் வெச்சுட்டு வந்தேன்," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லார் கண்ணாடியும் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதேன். அன்று சாயங்காலம் எத்தனை பேருடைய சிறந்த நாற்பது கணங்களில் நான் விழுந்தேனோ தெரியாது.

மாதங்கள் போயின. மாத்திரை வேலை செய்தது. பயிற்சி சொல்லித்தந்த பெண், கையை வீசி நடக்கச் சொல்லி எண்ணிக்கை போடக் கற்றுக்கொடுத்தாள். சுகந்தி குளக்கரையில் வாய்க்குள் 'ஒண்ணு, ரெண்டு' சொல்லிக்கொண்டே நடப்பாள். முதலில் ஒரு விரற்கடை அசைந்தது. பிறகு ஒரு சாண். நான் அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன். கேமரா பையிலேயே கிடந்தது, எடுத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

மறுபடி ஐப்பசி. கல்யாண நாள். அதே அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டு நடைக்கு வந்தாள். பூவும் வைத்திருந்தாள்.

"எடுத்துப் பாருங்க," என்றாள்.

"வேண்டாம் அம்மிணி."

"அட எடுங்கன்னா."

அவள் முன்னால் நடந்தாள். இரண்டு கைகளும் வீசின, இடது கொஞ்சம் சோம்பலாக. துவாரத்தில் கண்ணை வைத்து, தகட்டில் விரலை அழுத்தி, இருபது அடி தூரம் அவளோடு போனேன். கேமரா சும்மா இருந்தது. முப்பது அடி போயும் சும்மாவே இருந்தது. பழகிய பின்னல், பழகிய நடை, பழகிய சுகந்தி. கண் எங்கேயும் தடுக்கவில்லை.

"எடுத்துதுங்களா?"

"எடுக்கல."

அவள் நின்றாள். முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. போன வருடம் இதே பதிலுக்கு நிமிராமல் துணி மடித்தவள். "பழகிட்டனாட்ட இருக்குதுங்க," என்று சொல்லி, நாக்கைத் தட்டி "டக்" என்றாள். இருவரும் சிரித்தோம்.

பிறகு கையை நீட்டினாள். "இங்க குடுங்க அத."

"நீதான் தொட மாட்டேன்னியே?"

"இனி என்ன பயமுங்க?"

வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் வழக்கம்போலப் பின்னால். நாரைகளையோ படகையோ பார்க்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனவள் சட்டென்று திரும்பி, கேமராவைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தாள்.

டக்.

அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். என் உடம்பில் என்ன தடுக்கியது அவள் கண்ணுக்கு? என் கை கால்களை நானே தடவிப் பார்த்துக்கொண்டேன். அவள் திரையைப் பார்க்காமல், அதை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே பாருங்க. எனக்குத் தைரியம் இல்ல."

சேர்ந்தே பார்த்தோம். என் முகம் மங்கலாக இருந்தது. சட்டையும் மங்கல், பின்னால் குளமும் மங்கல். தெளிவாக விழுந்திருந்தது என் வலது கை மட்டும். அது முன்னால் நீண்டு, உள்ளங்கை விரிந்து, விழப்போகும் எதையோ தாங்கத் தயாராக நின்றது. அவள் முதுகுக்கு ஓர் அடி தூரத்தில் அந்தக் கை எத்தனை மாதமாக அப்படி நடந்து வந்ததோ, எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

சுகந்தி படத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கையக் கீழ போடுங்க," என்றாள். "நான் ஒண்ணும் விழுந்துர மாட்டேன்."

போட்டேன். கேமராவைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, 'ஒண்ணு, ரெண்டு' என்று வாய்க்குள் சொல்லியபடி அவள் நடந்தாள். நானும் பின்னால் நடந்தேன். பத்து அடி போவதற்குள் கை மறுபடி எழுந்திருந்தது.